கசப்பு சேர்த்த உப்புநீர்

இந்த நாற்காலி வசதியாகத்தான் இருக்கிறது, சார். என் ஆய்வகத்தில் இருப்பதற்கு ஒரு கால் ஆடும். புதிது கேட்டால் நிதி இல்லை என்று கையை விரிப்பார்கள். நுரையீரல் என்றாலே அவர்களுக்கு இளக்காரம். இதயத்துக்கு ஒரு மாடி முழுக்கக் கொடுத்தார்கள், எனக்குப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஓர் அறை.

அந்த அறையில்தான் மருந்தைக் கண்டுபிடித்தேன். தழும்பேறிக் கெட்டியான நுரையீரலில் புதிய காற்றுப்பைகளை முளைக்க வைக்கும் மருந்து. முகமூடி வழியாக ஆவியாக உள்ளிழுக்க வேண்டும். சோதனைக்கு வந்த நோயாளிகளில் பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியக் கூடாது. அப்போதுதான் இரண்டு பக்கத்தையும் நேர்மையாக ஒப்பிட முடியும்.

ஒன்றைக் கோட்டைவிட்டேன். மருந்து நாக்கில் கசக்கும். காத்திருக்கும் கூடத்தில் நோயாளிகள் பேசிக்கொண்டார்கள். "எனக்குக் கசக்குது, உங்களுக்கு?" "உப்புக் கரிக்குதுங்க." அவ்வளவுதான். உப்புக் கரித்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். எங்கள் பேராசிரியர் சிரித்தார். "ஒப்பிட ஆளே இல்லாம குணமாச்சுன்னு சொன்னா, தானா குணமாயிருக்கும்னு சொல்லிட்டுப் போயிடுவாங்கம்மா." அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

அந்தச் சமயத்தில்தான் என் தம்பி வந்தான். சமையலறை மேடைகளுக்குக் கல் அறுக்கிறவன். தூசி உள்ளே போய்ப் போய் நுரையீரல் இறுகிவிட்டது. சட்டைப் பொத்தானைப் போடுவதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கியது. "உன் மருந்து இருக்கும்போது எனக்கென்னக்கா பயம்" என்றான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், நான் எதைக் கொடுத்தாலும் என்ன ஏது என்று கேட்க மாட்டான். நடுவில் விட்டுவிட்டுப் போகாத ஒரு ஆள் எனக்கு வேண்டியிருந்தது.

உப்புநீரில் கசப்பைச் சேர்ப்பது பெரிய வித்தை இல்லை. உடம்புக்கு அது ஒன்றும் செய்யாது. முதலில் என் நாக்கில்தான் வைத்துப் பார்த்தேன். அவன் முதல் நாள் முகத்தைச் சுளித்தான். "யப்பா, என்னா கசப்பு! அப்ப எனக்கு நிஜ மருந்துதான்" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

மருந்து வாங்கியவர்கள் தேறினார்கள். ஆக்ஸிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்த பஸ் டிரைவர் அதை வீட்டில் போட்டுவிட்டு மாடி ஏறி வந்தார். அதைப் பார்த்த தம்பி மனைவி என்னைத் தனியாக அழைத்துப்போய்க் கேட்டாள். "இவருக்கு மட்டும் ஏன்க்கா மருந்து கேக்க மாட்டேங்குது?" சிலருக்கு மெதுவாகத்தான் பிடிக்கும் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரி இல்லை.

மருந்து பலிக்கிறது என்று உறுதியானால் உப்புநீர்க்காரர்களுக்கும் அதையே கொடுத்துவிட வேண்டும். அதுதான் விதி. உறுதியாகிவிட்டது என்று சொல்ல வேண்டியவள் நான். சொல்லவில்லை. மருந்து கிடைக்காத நுரையீரல் கடைசி வரை எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. பாதியில் நிறுத்தினால் மறுபடியும் யாராவது சிரிப்பார்கள்.

கடைசி நாட்களில் அவனால் படுக்க முடியவில்லை, உட்கார்ந்தபடியே இருந்தான். முகமூடியை நான்தான் பிடித்துக்கொண்டேன். "அக்கா, இன்னும் கொஞ்சம் ஊத்துக்கா" என்றான். ஊற்றினேன். மருந்துக் குப்பிகள் பக்கத்து அலமாரியில் இருந்தன.

இறந்த பிறகு நுரையீரலை ஆய்வுக்குக் கொடுக்கத் தம்பி மனைவிதான் சம்மதித்தாள். அடுத்தவர்களுக்காவது உதவட்டும் என்றாள். நானே அறுத்துப் பார்த்தேன். புதிதாக ஒரு காற்றுப்பைகூட முளைக்கவில்லை. படங்களைப் பேராசிரியருக்குக் காட்டினேன், இந்த முறை மனிதர் சிரிக்கவில்லை.

கொலை என்று எழுதுகிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். சொந்தக்காரன் என்று சலுகை காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்குமா? மருந்து வேலை செய்கிறது, சார். என் தம்பியைவிட வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?