மஸ்கட் பவுடர்

அழகி: அங்கிட்டு இல்லைங்க, அந்தத் தகரப்பெட்டியில பாருங்க. பழைய டப்பா ஒண்ணாவது வேணும்னு வக்கீலம்மா சொல்லியிருக்காங்க.

திருமுருகன்: காலி பவுடர் டப்பாவ யாரு எடுத்து வச்சிருப்பா... புதுக்கோட்டை பஸ்ஸும் போயிருக்கும். இன்னொரு நாளு போவோமே.

அழகி: ஆபரேசன் பண்ணி நாலு மாசமாச்சு. நீங்களும் இன்னொரு நாளு, இன்னொரு நாளுன்னு...

திருமுருகன்: தையல் போட்ட எடம் இழுக்குதா?

அழகி: பேச்ச மாத்தாதீங்க. நெனப்பிருக்கா, மொத லீவுக்கு மஸ்கட்லருந்து பன்னெண்டு டப்பா கொண்டாந்தீங்க. பெட்டியத் தொறந்ததும் தெருவே மணத்துச்சு. பிச்சையம்மா அக்கா வாசல்ல நின்னு, "அழகி வீட்டுக்காரரு வந்துட்டாரு போல"ன்னாங்க.

திருமுருகன்: நீ பொன்னமராவதி பஸ் ஸ்டாண்டுக்கு என்னயக் கூப்பிட வருவ. கழுத்தெல்லாம் வெள்ளை வெள்ளையா, திட்டுத்திட்டா...

அழகி: கேலி பண்ணுங்க. அப்ப அம்புட்டு ஆசை. குளிச்சிட்டு வந்தா ஒடம்பு பூராம் கொட்டிக்குவேன். பாவாடைக்குள்ள எல்லாம்...

திருமுருகன்: அதான் அழகி... அதான் சினைப்பையில கட்டியா வந்து...

அழகி: அதுதான் காரணம்னு டாக்டரே அடிச்சுச் சொல்லல. இருக்கலாம்னாரு. வக்கீலம்மா கேக்குறது வேற. கெடுதல்னு தெரிஞ்சிருந்தும் டப்பாவுல ஏன் எழுதலன்னு கம்பெனிக்காரனக் கேக்கணுமாம். சொல்ல வேண்டியது அவன் பொறுப்பாம்.

திருமுருகன்: எழுதியிருந்தான்னா?

அழகி: என்னங்க சொல்றீங்க?

திருமுருகன்: கேஸ் நிக்காது. வேணாம் அழகி... நான் எப்பவும் வெல ஸ்டிக்கர உரிச்சிட்டுத்தான பெட்டியில வைப்பேன். வெலயப் பாத்தா நீ வைவன்னு.

அழகி: தேங்கா எண்ணெயத் தொட்டுத் தொட்டு உரிப்பீங்களாக்கும்.

திருமுருகன்: கடைசி ரெண்டு லீவுக்கு வாங்குனதுல இன்னொரு வெள்ளை ஸ்டிக்கர் இருந்துச்சு. படிக்காம அதையும் சேத்து உரிச்சிட்டேன். போன மாசம், மஸ்கட்ல எங்கூட வேலை பாத்த அருள்மணி அந்த ஸ்டிக்கரப் போட்டோ எடுத்து அனுப்புனான். இடுப்புக்குக் கீழ போடக்கூடாது, கேன்சர் வரலாம்னு இருக்கு. கம்பெனிக்காரன் சொன்னத நான்தான் ஒனக்குச் சொல்லாம...

அழகி: கண்ணத் தொடைங்க. அந்தக் கல்யாணப் பட்டுச்சீலையத் தூக்குங்க. அடியில என்ன இருக்கு?

திருமுருகன்: டப்பா... ஸ்டிக்கரோட இருக்கு.

அழகி: ஒண்ண உரிக்க மறந்துட்டீங்க. நம்ம இலக்கியா காலேஜ் லீவுல வந்தப்ப படிச்சுப் பாத்துட்டு, போடாதம்மான்னா. அன்னைக்கே நிறுத்திட்டேன்.

திருமுருகன்: போன தடவ பஸ் ஸ்டாண்டுல கழுத்துல பூசிக்கிட்டுத்தான நின்ன...

அழகி: நீங்க வர்ற அன்னைக்கு மட்டும், கழுத்துல. ஆசையா தூக்கிட்டு வர்ற மனுசன்கிட்ட வேணாம்னு எப்புடிச் சொல்ல...

திருமுருகன்: இதக் கொண்டுபோய்க் காட்டுனா, அவன்தான் எழுதிட்டானேன்னு சொல்ல மாட்டாங்களா?

அழகி: காட்டத்தான் போறோம். கெளம்புங்க. நீங்க அந்த வெள்ளை ஸ்டிக்கர உரிச்சது கடைசி ரெண்டு லீவுலதான். அதுக்கு முன்னாடி பதினெட்டு வருசம், உரிக்கிறதுக்கே அப்புடி ஒண்ணும் ஒட்டலையே அவன்.