ரிப்பன் கட்டின கிளாஸ்

— அந்த ஒயின் பாட்டில ஆட்டாதீங்கண்ணே. மெதுவா வைங்க. உள்ள காத்து அடைச்சு வச்சிருக்கு.

— ஆட்டலம்மா. அடியில குழி எவ்வளவு ஆழம்னு பாத்தேன்.

— குழியப் பாத்து என்ன பண்ணப் போறீங்க?

— எனக்கு கிளாஸ்தான் தெரியும். பாட்டில் தெரியாது. எங்க ஆரம்பிக்கறதுன்னு புரியல, அடியிலேர்ந்து ஆரம்பிச்சேன்.

— காலையில கடை திறந்ததுலேர்ந்து பெட்டி இறக்கிட்டு நிக்கறேன். கால் இருக்கா இல்லையான்னே தெரியல. சுத்தி வளைக்காம சொல்லுங்க. யாருக்கு, என்ன விசேஷம்?

— பொண்ணுக்கும்மா. சனிக்கிழமை கல்யாணம்.

— அப்படியா? சந்தோஷம். எத்தனை பேருக்கு ஊத்தணும்? ஒரு பாட்டில்ல ஆறு கிளாஸ்தான் வரும், பாருங்க.

— ஒரு பாட்டில் போதும். பொண்ணு மாப்பிள்ளை மேசைக்கு மட்டும். மத்தவங்களுக்கு மண்டபத்துலயே ஊத்திடுவாங்க.

— நீங்க குடிப்பீங்களா?

— நாக்குல பட்டதே இல்ல. பன்னெண்டு வருஷமா கழுவி ஊத்திக்கிட்டு இருக்கேன், அவ்வளவுதான்.

— கழுவியா?

— கல்யாண மண்டபத்துல கிளாஸ் கழுவற வேலைம்மா. பின்பக்கம். மேல பாட்டு நின்னா போதும், ட்ரே ட்ரேயா வந்து எறங்கும். இடுப்பு நிமிர நேரம் இருக்காது. அங்கேயும் உன்ன மாதிரிதான், கால் இருக்கா இல்லையான்னு வீட்டுக்குப் போய்த்தான் பாத்துக்கணும்.

— அப்ப நீங்கதான் எனக்குச் சொல்லிக் குடுக்கணும் போல. எது நல்லா இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமே.

— எது திரும்பி வரும்னு தெரியும். சரக்கு நல்லா இருந்தா கிளாஸ் காலியா வரும். இல்லன்னா பாதியோட வரும், சில சமயம் உள்ள சிகரெட்டோட வரும்.

— இந்தக் கடையில படிச்சுக் குடுத்தத விட இது நல்ல படிப்பா இருக்கே. சரி, எது காலியா வருது?

— வயசானவங்க மேசையில ரொட்டி சுட்ட வாசம் அடிக்கற ஒண்ணு. சொட்டு மிச்சம் இருக்காது. வயசுப் பசங்க மேசையில பேரிக்கா வாசம் வரும், அதுவும் காலியாத்தான் வரும். ஒரே ராத்திரி, ஒரே மண்டபம், ரெண்டும் ரெண்டு வாசம். ஏன்னு கேக்க ஆளில்ல.

— அதுவா? ரொட்டி வாசம் வர்றது பாட்டிலுக்குள்ளயே நுரை கட்டினது. வருஷக்கணக்கா அப்படியே படுக்க வச்சிருப்பாங்க. நுரை பொடிசா இருக்கும். பேரிக்கா வாசம் பெரிய டேங்க்ல நுரை கட்டி அப்புறம் பாட்டில்ல அடைக்கறது. சீக்கிரம் ஆயிடும். நுரை கொஞ்சம் முரடு. கெட்டது நல்லதுன்னு இல்ல, ரெண்டும் வேற வேற.

— ஷாம்பெய்ன்ங்கறாங்களே?

— அது பிரான்ஸ்ல ஒரு ஊரு, அங்க செஞ்சா மட்டும்தான் அந்தப் பேரு. விலையில பாதி அந்தப் பேருக்கே. உங்களுக்கு அது வேண்டாம். நீங்க பாட்டிலுக்குள்ள நுரை கட்டினதுதானான்னு மட்டும் பாருங்க. இந்தப் பக்கம் இருக்கறது எல்லாம் அதுதான்.

— நீ எதக் குடிப்பே?

— நானா? பயிற்சியில நாலு வாய் குடுத்தாங்க. வாயில வச்சு துப்பச் சொன்னாங்க. எனக்குத் துப்பத் தெரியல, நாலையும் முழுங்கிட்டேன். அன்னிக்கு மத்தியானம் பஸ்ல ரெண்டு ஸ்டாப் தள்ளிப் போய் எறங்கினேன். அதோட சரி.

— அப்ப ரெண்டு பேரும் ஒரே வகுப்புதான்.

— பக்கத்துப் பக்கத்து பெஞ்ச். சரி, பொண்ணுக்கு இனிப்பா வேணுமா, இனிப்பில்லாமயா?

— இதுல எக்ஸ்ட்ரா டிரைன்னு போட்டிருக்கே, டிரைன்னா இனிப்பு இல்லாததுன்னு எங்க சர்வர் மேஸ்திரி சொல்லுவாரு. அப்ப இதுதான் சுத்தமா இனிப்பே இல்லாததா?

— எல்லாரும் ஏமாறற இடம் அது. புரூட்னு போட்டிருக்கு பாருங்க, அதுல இனிப்பு தெரியாது. எக்ஸ்ட்ரா டிரை அத விட கொஞ்சம் இனிப்பு. வெறும் டிரை இன்னும் இனிப்பு. டெமி செக்னு இருந்தா நல்ல இனிப்பு. யாரு வச்ச பேரோ. நானே மூணு மாசம் மாத்தி மாத்தி வித்தேன், ஒருத்தரும் திரும்பி வந்து சண்டை போடல.

— எனக்கு அப்படி மாறிடக் கூடாதும்மா. ஒரு தடவதான் குடுக்க முடியும். அவ முழுசா குடிக்கணும். பாதி வச்சுடக் கூடாது.

— குடிச்சா குடிக்கட்டும், வச்சா வைக்கட்டும். கல்யாணப் பொண்ணுக்கு அன்னிக்கு ஆயிரம் இருக்கும்.

— அதாம்மா பிரச்சினை. பொண்ணு மாப்பிள்ளை கிளாஸ் எப்பவும் பாதியோடதான் வரும். அது ரெண்டும் தனி, கிளாஸ் தண்டுல வெள்ளை ரிப்பன் கட்டியிருப்பாங்க. மெஷின்ல போடக் கூடாது, ரிப்பன அவுத்துட்டு கையால கழுவணும். அது என் பொறுப்பு. பன்னெண்டு வருஷத்துல அது காலியா வந்தத விரல் விட்டு எண்ணிடலாம்.

— எப்பக் குடிப்பாங்க அதை?

— கேக் வெட்டினதும். ஊட்டி விட்டுட்டு கையோட கிளாஸ எடுப்பாங்க. விளிம்புல எல்லாம் கிரீம் ஒட்டியிருக்கும்.

— மண்டபத்துல அவங்களுக்கு ஊத்தறது எது?

— இந்தா, இந்தப் பேருதான். புரூட்டு.

— அண்ணே, பன்னெண்டு வருஷமா இத யாரும் யோசிக்கலையா? வாயெல்லாம் கேக்கு. அதுக்கு மேல புரூட் பட்டா எலுமிச்சங்கா கடிச்ச மாதிரி இருக்கும். யாரு குடிப்பா? போட்டோவுக்குச் சிரிச்சுட்டு வச்சுடுவாங்க.

— நான் கூட அவங்களுக்குள்ள ஏதோ மனஸ்தாபம் போலன்னு நெனச்சுப்பேன்.

— மனஸ்தாபம் எல்லாம் வருஷம் போனாத்தான். கேக்குக்கு டெமி செக்தான் சரி. உங்க பொண்ணு இனிப்பு சாப்பிடுவால்ல? காபிக்கு எத்தனை ஸ்பூன் போடுவா?

— ரெண்டு. காபி இல்ல, பாலுக்கு.

— கல்யாண வயசுல பாலா?

— அப்ப... சின்னப் புள்ளையில. சோடா வாங்கிக் குடுத்தா மூக்குல ஏறுதுன்னு மூக்கப் பொத்திக்கிட்டே குடிப்பா. குடிச்சுட்டு ஒரு தும்மல். திரும்ப வேணும்பா.

— சின்னப் புள்ளையில இருந்தத சொல்லி என்ன பிரயோஜனம்? இப்ப எப்படி? ஒரு போன் போட்டுக் கேளுங்க. நான் நிக்கறேன், எப்படியும் நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன்.

— வேண்டாம்மா. தெரியாம இருக்கணும்.

— உங்க வீட்டம்மாவயாவது கேளுங்க.

— அவங்ககிட்டயும் கேக்க முடியாது.

— நல்ல குடும்பம்ணே நீங்க. சரி, மூக்குல ஏறக் கூடாதுன்னா பொடி நுரைதான். பாட்டிலுக்குள்ள நுரை கட்டினது, டெமி செக். ரெண்டும் சேர்ந்து இருக்கறது இந்தக் கடையில ஒண்ணே ஒண்ணுதான். இந்தாங்க. தூசி தட்டித் தரேன்.

— இத முழுசா குடிப்பாளா?

— கேக்கு வாயோட குடிச்சா குடிப்பா. என் வாக்கு இல்ல, நாக்கு கணக்கு. கேட்டுக்கங்க. ஃபிரிட்ஜ்ல மூணு நாலு மணி நேரம் வைங்க. ஃப்ரீசர்ல வைக்காதீங்க, வெடிக்கும். திறக்கும்போது ஒரு துணியப் போட்டு தக்கைய இறுக்கிப் புடிச்சுக்கிட்டு, தக்கைய திருகாம பாட்டில திருகணும். படார்னு சத்தம் வந்தா தப்பு. வேலை முடிஞ்சு உக்காரும்போது நாம விடுவமே ஒரு பெருமூச்சு, அந்தச் சத்தம்தான் வரணும்.

— மேஸ்திரிகிட்ட சொல்லி வைக்கறேன். அவருதான் திறப்பாரு.

— ஏன், நீங்க திறந்து ஊத்துங்களேன். அப்பா கையால ஊத்தினா பாதி வைக்க மனசு வருமா?

— எனக்கு அன்னிக்கு வேலை இருக்கும்மா.

— பொண்ணு கல்யாணத்தன்னிக்கு லீவு தரமாட்டானா உங்க முதலாளி? கேட்டீங்களா?

— கேக்கல.

— என்ன மனுஷன்ணே நீங்க. சரி, சீட்டு எழுதிக் கட்டித் தரேன். என்ன பேரு போட?

— பேரு வேண்டாம். மண்டபத்தோட அன்பளிப்புன்னு போட்டுடு.

— எந்த மண்டபம்?

— நான் வேலை பாக்கற மண்டபம்தான். அங்கதான் கல்யாணம். போன மாசம் பலகையில பேரு எழுதியிருந்தாங்க. அவ பேரு, கீழ அவ அம்மா பேரு. அவளுக்கு நாலு வயசு இருக்கும்போது விட்டுட்டு வந்தேன், அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது? நான் அந்தக் கட்டடத்துக்குள்ள இருக்கறதே அவளுக்குத் தெரியாது.

— அண்ணே...

— நீ எழுதும்மா. நான் அஞ்சு மணிக்கு வேலைக்குப் போகணும்.

— எழுதறேன். ஆனா அவ மேல உக்காந்திருப்பா, நீங்க பின்பக்கம் நிப்பீங்க. அவளுக்குப் புடிச்சுதா இல்லையான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

— ரிப்பன் கட்டின கிளாஸ் எங்கிட்டதானேம்மா வரும்.