நீர்முள்ளி நின்ற கொல்லை

— தங்கச்சி, பத்து மணிக்கு மனை பாக்க ஆளு வர்றாக. அதுக்குள்ள அந்த நீர்முள்ளி அம்புட்டையும் புடுங்கிப் போட்ருங்க.

— என்ன முத்தரசண்ணே, காலங்காத்தால வந்து என் கொல்லையில கை வைக்கிறீக? பூத்து நிக்கிற செடிண்ணே.

— களைச்செடிதான? ரோசாக்கன்னு வாங்கித் தாரேன், போதுமா?

— நான் வைக்காத ரோசாவா? நீங்க வித்த மனையில குடிவந்த வருசமே ரோசா, மல்லி, கறிவேப்பில எல்லாம் வேரழுகிச் செத்துச்சு. அப்பறம் நாச்சியாபுரம் கம்மாக்கரையிலருந்து வெதை கொண்டாந்து தூவுனேன். இந்த நசநசப்புல அது ஒண்ணுதான் ஊதா ஊதாவா பூத்துச்சு.

— அதுதான் வெனையே! பக்கத்து மனைய மேட்டு நெலம்னு சொல்லிருக்கேன். கிராவல் அடிச்சு நெரவியாச்சு. பக்கத்துலயே இந்தத் தண்ணிச்செடி நின்னா, ஊருணிய மூடுன எடம்னு காட்டிக் குடுத்துராதா?

— எங்ககிட்டயும் மேடுன்னுதான சொன்னீக? ஐப்பசியில அடுப்படி வரைக்கும் தண்ணி. எங்க வீட்டுக்காரக சவூதியில ஒழைச்சுக் கட்டுன செவரெல்லாம் ஓதம். வயிறு எரியுதுண்ணே. இன்னைக்கு வர்றது யாரு?

— பிள்ளையார்பட்டியில தேங்கா பழக்கடை வச்சிருக்க பொன்னுத்தாயி அம்மா. தனி ஆளு.

— யா அல்லா! அவுக வயித்துலயுமா அடிக்கிறீக?

— இந்தா பாருங்க ஹசீனா, ஒங்க வீட்டுக்கு வர்ற பாதை இன்னும் எம்பேர்லதான் இருக்கு. நாளைக்கே கல்லு ஊண்டுனா பைக்கு கூட உள்ள வராது. எடத்தப் பத்தி ஒரு வார்த்தை வரக்கூடாது, ஆமா.

— பேசல. ஆனா செடிய நான் தொட மாட்டேன். நீங்களே புடுங்கிக்கங்க.

— நகருங்க… ஆத்தாடி! ஸ்ஸ்… சனியன், வேரு விட மாட்டேங்குதே…

— பாத்துண்ணே, ரத்தம் வருது.

— வரட்டும். முடிஞ்சிருச்சு, பின்பக்கம் தூக்கி எறிஞ்சாச்சு. ஆட்டோ வந்துருச்சு, மூஞ்சியச் சரியா வைங்க… வாங்கம்மா, வாங்க! இதுதான் மனை.

— தம்பி, நான் கம்மாக்கரை ஊர்ல பொறந்தவ. வருசா வருசம் வீட்டுக்குள்ள தண்ணியோட மல்லுக்கட்டியே பாதி ஆயுசு போச்சு. இனியாவது காலு நனையாம கெடக்கணும். நெசமாவே மேடுதான?

— சந்தேகமே வேணாம். பக்கத்து வீட்டுத் தங்கச்சியக் கேளுங்க.

— எடத்தப் பத்தி நான் என்னத்தச் சொல்ல. அக்கா, ஊக்கு இருந்தா எடுங்க. அண்ணன் உள்ளங்கையில முள்ளு ஒடிஞ்சு நிக்கிது, பாவம்.

— அடியாத்தி! காட்டுங்க தம்பி, கைய இழுக்காதீக… ஏந்தம்பி, இது நீர்முள்ளி முள்ளுல்ல? மேட்டு நெலத்துல இது எங்குட்டு வந்து ஒங்களக் குத்துச்சு?