முதல் உருட்டுக்கு முன்னாடி

அந்த நாற்காலி வேணாம் தில்லைநாதன் சார், அது ராபர்ட்டோடது. இப்படி வந்து உக்காருங்க. அவனும் அன்பரசும் கடலூர் பஸ்ஸுல வந்துக்கிட்டிருக்காங்க. அவுங்க மாடி ஏறுறதுக்குள்ள, புதுசா ஆட வந்திருக்கிற நீங்க ஒண்ணு தெரிஞ்சிக்கணும். இவுங்க ஆடுற கதை ஆட்டத்துல துறைமுகப் பட்டணம்னு ஒரு ஊர் வருது. அது முழுசா இருக்குது. அங்க அலை வரல. அன்பரசு இணையத்துல எழுதி வெச்சிருக்கறதப் படிச்சிட்டு, மூழ்கின ஊர் எப்படி மறுபடி வந்துச்சுன்னு ராபர்ட்டுகிட்ட கேட்டீங்கன்னா, அவன் எழுந்திருச்சுப் போயிடுவான். ஏற்கெனவே ஒரு தடவ போனவன்தான். இன்னொரு தடவ போனா திரும்பி வரமாட்டான்.

படிச்சிட்டீங்களா? நெனச்சேன். பேங்க்குல வேலை அவ்வளவு கம்மியா?

இல்ல சார், நான் ஆடுறவ இல்ல. நான் காலேஜுல தமிழ் சொல்லிக் குடுக்கறேன். என் தம்பி இளவரசுக்குச் சிதம்பரம் முழுக்கத் தேடியும் என் வீட்டு மாடிதான் கெடச்சுது. வளந்த ஆம்பளைங்க மேசையச் சுத்தி உக்காந்துக்கிட்டு, ஒருத்தன் நான்தான் திருடன்ங்கறான், ஒருத்தன் நான்தான் படகுக்காரன்ங்கறான். மழை, மலை, ராசா, பேய் எல்லாத்துக்கும் அன்பரசு ஒருத்தனே பேசுறான். எது பலிக்கும் எது பலிக்காதுன்னு இருபது முகப் பகடைய உருட்டிப் பாக்குறாங்க. தாயம் ஆடுனாலாவது ஒருத்தன் ஜெயிப்பான். இதுல அதுவும் கிடையாது.

ஆடுறதோட நின்னாலும் பரவால்ல. போன வாரம் என்ன நடந்துச்சுன்னு ஒருத்தனுக்கும் ஒழுங்காச் சொல்லத் தெரியாது. இளவரசு வாங்கின வெட்டு அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள கீறலாயிடும். அவன் கொன்ன ஒரு ஓநாய் கூட்டமாயிடும். அடுத்த ரூம்ல பேப்பர் திருத்திக்கிட்டிருந்த நான் ஒரு நாள் கேக்கப் பொறுக்காம வந்து, நடந்தத நடந்தபடி சொன்னேன். அன்னிலேருந்து முன்கதை என் பொறுப்பாயிடுச்சு. அதுக்கு ஒரு சட்டமும் போட்டாங்க. நான் சொல்லி முடிச்சப்புறம், முதல் உருட்டு விழறதுக்குள்ள யாரு வேணா மறுக்கலாம். விழுந்துட்டா, நான் சொன்னதுதான் நடந்தது. அப்புறம் வாயத் தொறக்கக் கூடாது.

சிரிக்காதீங்க. உங்க பேங்க்குல இதவிட மோசமான சட்டமெல்லாம் இருக்குது.

அன்பரசு பண்ருட்டிக்காரன். மண்டி வீட்டுப் புள்ள. பலாப்பழத்தத் தட்டிப் பாத்தே சொளை எப்படின்னு சொல்லிடுவான். எதிர்ல உக்காந்திருக்கிற மனுசன் மனசுல என்ன இருக்குன்னு மட்டும் தெரியாது. கடல டிவியிலயும் பீச்சுலயும் பாத்தவன். ரெண்டாயிரத்தி ஆறு மழக்காலத்துல, கதை சப்புன்னு போவுதுன்னு அவனுக்குத் தோணிச்சு. துறைமுகத்துல கடல் உள்வாங்குதுன்னான். அலை வருதுன்னான். எதிர்ல தேவனாம்பட்டினத்துக்காரன் உக்காந்திருக்கான்.

ஆமா சார், ரெண்டு வருசம் முந்தி சுனாமி வந்த அந்த டிசம்பர்ல ராபர்ட் அங்கதான் இருந்தான். அன்பரசுக்குத் தெரியாம என்ன, நல்லாத் தெரியும். அது வேற, இது கதைன்னு நெனச்சானாம். எம்.எஸ்ஸி. படிச்ச புள்ள.

ஆட்டத்துல ராபர்ட்தான் அந்தப் படகுக்காரன். படகுக்காரனுக்கு ஒரு தங்கச்சி, சின்னப் பொண்ணு. கரையில அவ கையப் புடிச்சிக்கிட்டு நிக்கிறான். புடி தாங்குதா, விட்டுட்டியான்னு உருட்டிப் பாருன்னான் அன்பரசு. இவனும் உருட்டினான். ஏன் உருட்டினான்னு கேக்காதீங்க, இன்னி வரைக்கும் எனக்குத் தெரியல. ஒண்ணு விழுந்துச்சு. அதவிடக் கம்மியா அந்தப் பகடையில எதுவும் கிடையாது, புடி விட்டுப்போச்சுன்னு அர்த்தம். அத எடுத்துச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு, செருப்புகூடப் போடாம எறங்கிப் போயிட்டான்.

மத்தவனுங்களா? என்ன பண்ணுவானுங்க, மிச்சர் தட்டப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தானுங்க. அன்பரசு வீட்டுக்குப் போயி அலை, வெள்ளம், அழிவுன்னு பெருமையா எழுதிப் போட்டான். நீங்க படிச்சது அதுதான். அழிடான்னேன். பாஸ்வேர்ட மறந்துட்டானாம்.

தை பொறந்தப்புறம் ராபர்ட் வந்தான். ஆட வரல, பகடையத் திருப்பிக் குடுக்க வந்தான். அதோ, அந்த வாசப்படியிலயே நின்னான். உக்காருடான்னு இளவரசு கெஞ்சறான், அன்பரசு தரையப் பாக்கறான். நான் முன்கதைய ஆரம்பிச்சேன். கடல் உள்வாங்கிச்சு, சனம் மேட்டுக்கு ஓடுச்சு, தண்ணி திரும்பி வந்து தன் எடத்துல நின்னுடுச்சு, அலை வரல. அப்படித்தான் சொன்னேன்.

பொய்தான் சார். அதுக்கு வேற பேரு எனக்குத் தெரியாது.

இளவரசு வாயத் தொறந்தான். நான் பாத்த பார்வையில மூடிக்கிட்டான். அன்பரசு மறுத்திருக்கலாம், அவன் கட்டின ஊரு. மேசையில இருந்த வேற பகடைய எடுத்தான், கொஞ்ச நேரம் கையிலயே வெச்சிருந்தான், அப்புறம் உருட்டிட்டான். எனக்குத் தெரிஞ்சு அவன் செஞ்ச ஒரே உருப்படியான காரியம் அது. என்ன விழுந்துச்சுன்னு ஒருத்தரும் பாக்கல. அக்கா, அப்ப நான் கைய விடல இல்லன்னு ராபர்ட் வாசல்லேருந்தே கேட்டான். விடலன்னேன். வந்து உக்காந்தான்.

அதுக்கப்புறம் முடிவானது எல்லாத்தையும் சொல்லிடறேன், கேட்டுக்குங்க. துறைமுகத்துல ஒரு செங்கல்லுகூடப் பேரல. கடலுக்குப் போன படகெல்லாம் கரை சேந்துச்சு. கலங்கரை விளக்குல மணியடிக்க ஆள் போட்டிருக்குது, அது இளவரசு ராசாகிட்ட சண்ட போட்டு வாங்கினது. கடல்ல என்ன நடந்தாலும் ராபர்ட்டக் கேட்டுட்டுத்தான் அன்பரசு சொல்லணும். படகுக்காரன் தங்கச்சிக்கு முன்னாடி பேரே கிடையாது, ராபர்ட் வெச்சான், அனுப்பிரியா. மாதா கோயில் கல்லறையில இருக்கிற அவன் சொந்தத் தங்கச்சிக்கும் அதே பேருதான், நீங்க தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க. வருசா வருசம் ஆட்டத்துல இருக்கிற இவளுக்கு ஒரு வயசு கூட்டிடறோம். இவ விஷயத்துல யாரும் பகடை உருட்டறதில்ல. போன மாசம் நீச்சல் கத்துக்கிட்டா.