இடது தோள்

எண்பதுகளில் ஒருநாள், நாமகிரிப்பேட்டை பஸ்ஸில் என் முன்னிருக்கையில் இருந்த விவசாயி ஒருவர், மனைவி இறந்த துக்கத்தை விசாரித்த நண்பரிடம் சொன்னார்:

“நெஞ்சு நோவுக்கு நான் தோள்ல தைலம் தேச்சு உட்டனுங்க.”

“ஏனுங்க, தெரியலீங்களா?”

“அவளுக்குப் பத்து வருசமா முடக்குவாதமுங்க. வெரலெல்லாம் கோணிப் போச்சு. அன்னைக்குக் காலைல இடது தோள் நோவுதுன்னா. அதுவும் வாதந்தான்னு நெனச்சுப்போட்டனுங்க. முடக்குவாதம் இருதயத்தையும் கெடுக்கும்னு டாக்டரு அப்பறந்தான் சொன்னாரு.”

“ஊட்டுக்காரம்மா வேற ஒண்ணுமே சொல்லலீங்களா?”

“சொன்னாளுங்க. ‘இப்பத் தேவலைங்க, நீங்க மஞ்சக்காட்டுக்குத் தண்ணி கட்டப் போங்க’ன்னா.”



“நானும் போயிட்டனுங்க,” என்றார் விவசாயி.