குழந்தை ஏறிய குதிரை

— உதைச்சுது. இப்ப நல்லாவே கேட்டுது, ராஸ்.

— ட்ரெய்லர் தகடு லொடலொடங்குது, நோலீன். ரோடு அந்த லட்சணம். நீ பேசாம வா.

— தகடு ஒரு தடவை உதைச்சுட்டு, யோசிச்சுப் பாத்து மறுபடி உதைக்காது. பின்னால வர்றது குதிரை.

— குதிரைன்னா கால் மாத்தி நிக்காதா? ஈ கடிச்சிருக்கும். அட, விடு. மணி என்ன ஆச்சு?

— இப்பத்தானே கேட்டே. மூணரை. அப்படி எந்த ரயிலைப் பிடிக்கப் போறே? ரோட்டுக் கடையைக் கண்டா வண்டியை ஓரங்கட்டி, இறைச்சி அடைச்ச பலகாரம் ஒண்ணு தின்னாம நகர மாட்டே. இன்னிக்கு அதையும் தாண்டி வந்துட்டே.

— நம்ம டில்லிப் பாப்பா கேட்டுலயே காத்துக்கிட்டு இருப்பா. வெளிச்சம் இருக்கறப்பவே குதிரையைக் காட்டணும்னுதான்.

— எனக்கென்னமோ இந்தக் குதிரை சரியாப் படலை, ராஸ்.

— காலையிலேர்ந்து ஒண்ணும் தின்னலை நீ. அதான்.

— அது இல்ல. நாம போறப்பவே சேணம் போட்டு நிறுத்தி வெச்சிருந்தான், இதை வித்த அந்த லைல். மேய்ச்சல் நிலத்துலேர்ந்து பிடிச்சுக்கிட்டு வர்றதை நாம பாக்கவே இல்ல. பத்து மணிக்கு முன்னாடி வராதீங்கன்னு போன்ல சொன்னான்ல உன்கிட்ட? ஏன் அப்படிச் சொல்லணும்?

— அவனுக்கும் காலையில வேலை வெட்டி இருக்கும்ல?

— கீழுதடு தொங்கிக்கிட்டு இருந்துச்சு. பாத்தியா நீ? 'பிஸ்கட், பிஸ்கட்'னு பேர் சொல்லி அவன் கொஞ்சுறான், அது காதைக்கூட அசைக்கலை. பேரே நேத்து வெச்சிருப்பானோ என்னவோ. மயக்க ஊசி போட்டு நிறுத்தின குதிரைங்க அப்படித்தான் நிக்கும். பந்தய லாயத்துல சாணி அள்ளினவ நான், எனக்குத் தெரியாதா?

— அப்ப அங்கேயே கேட்டிருக்க வேண்டியதுதானே?

— கேக்கத்தான் வாயைத் திறந்தேன். நீ முழங்கையைக் கிள்ளினே.

— பின்னே? தான் பெத்த பொண்ணையே தூக்கி அது மேல உக்கார வெச்சுட்டான். அந்தப் பொண்ணு கழுத்தைக் கட்டிக்கிச்சு, வாலைப் பிடிச்சு இறங்குச்சு, வயித்துக்கு அடியில பூந்து வந்துச்சு. அதுக்கப்புறமும் 'ரத்தம் எடுத்துப் பாக்கலாமா'ன்னு கேட்டா என்ன அர்த்தம்? 'உன் பொண்ணைக் கொல்லப் பாக்குறியா'ன்னு மூஞ்சிக்கு நேரா கேக்குற மாதிரி. இந்தப் பக்கம் யாரு அப்படிக் கேட்டிருக்கா? கேட்டவன் கூட அப்புறம் எவன் ஒரு பீர் குடிப்பான்?

— தெரியும். எங்க வீட்டுலயும் அப்படித்தான் வாங்கினாங்க. குழந்தை ஏறிடுச்சா, கையைக் குலுக்கு, வண்டியில ஏத்து. அதுக்கு மேல ஒரு வார்த்தை கிடையாது.

— அதைத்தானே நானும் செஞ்சேன்.

— நம்ம ஊர் கெவின் வீட்டுலயும் அதைத்தான் செஞ்சாங்க. அந்தக் குதிரை மேலயும் ஒரு குழந்தை ஏறிக் காட்டுச்சு. மறு வாரம் அவங்க பையன் கால் சேண வளையத்துல மாட்டி, வேலி வரைக்கும் அவனை இழுத்துக்கிட்டுப் போச்சு. தலையில அடி. இன்னிக்கும் அவன் பெத்தவளையே பாத்து 'நீங்க யாரு'ன்னு கேக்குறான்.

— இப்ப எதுக்கு அந்தக் கதை?

— அந்தப் பொண்ணைக் குதிரையிலேர்ந்து கடைசியா இறக்கிவிட்டது நான்தான், ராஸ். கை சில்லுனு இருந்துச்சு. இந்த வெயில்ல.

— கூச்சப்பட்டிருக்கும்.

— என் காதுல ஒண்ணு சொல்லுச்சு. உன்கிட்ட நான் சொல்லலை.

— என்ன சொல்லுச்சு?

— 'ஆன்ட்டி, நீங்க வாங்கிக்கிறீங்கதானே'ன்னு. குதிரை மேல பாசம் போல, நல்ல இடத்துக்குப் போகணும்னு கேக்குதுன்னு நினைச்சேன். 'வாங்கிக்கிறோம் கண்ணு, நல்லா பாத்துக்குவோம்'னேன். அதுக்கு அது என்ன சொல்லுச்சு தெரியுமா? 'நீங்க வாங்கலைன்னா நாளைக்கு வர்றவங்களுக்கும் நானே ஏறிக் காட்டணும்.'

— முன்னால கங்காரு நிக்குது. பாத்து ஓட்ட வேண்டாமா?

— எனக்கு அப்ப உறைக்கலை. சின்னப் புள்ளை ஏதோ உளறுதுன்னு விட்டுட்டேன். இப்பத்தான் புரியுது. நம்ம டில்லியை விட ஒரு வயசு கூட இருக்கும், அவ்வளவுதான். இந்தா, மறுபடியும். வண்டியே ஆடுது. நிறுத்து.

— வீடு இன்னும் கொஞ்ச தூரம்தான்.

— நிறுத்துங்கறேன், ராஸ்.

— சரி, சரி. நிறுத்திட்டேன். நீ இறங்காதே, நான் போய்ப் பாக்குறேன். நோலீன். சொன்னா எங்க கேக்குறா இவ.

— கடவுளே. இங்க வந்து பாரு.

— பக்கக் கதவைச் சாத்து.

— உடம்பு பூரா நுரை. கண்ணு முழி வெள்ளையாத் தெரியுது. காலையில பாத்த குதிரையா இது? கயித்தை அறுத்துக்கப் பாக்குது. இரு, தலைக்கயித்தை இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டிடறேன்.

— கையை உள்ள விடாதே. எடு. கையை எடுங்கறேன்ல.

— அய்யோ.

— காட்டு. எங்க பட்டுச்சு? விரலை மடக்கு. மடக்க வருதா?

— வருது. தோல்தான் உரிஞ்சிருக்கு. அந்தத் தகட்டைப் பாரு, ராஸ். குளம்பு கிழிச்சிருக்கு. இப்பத்தான் என் தலை அங்க இருந்துச்சு.

— கதவைச் சாத்திட்டேன். ஏறு. முதல்ல வண்டியில ஏறு.

— அந்தக் கால் வந்தப்ப எனக்கு டில்லிதான் கண்ணுல வந்தா. அவளோட பழைய குதிரை டஃபி பாம்பு கடிச்சுச் செத்ததுலேர்ந்து அவ சரியாச் சாப்பிடக்கூட இல்ல. புதுக் குதிரை வருதுன்னதும்தான் மூஞ்சியில சிரிப்பையே பாத்தேன். நாம போய் நின்னதும் தாவி ஏறப் போறா. பிடிச்சு நிறுத்த முடியுமா அவளை?

— இன்னிக்கு ஏற விடமாட்டேன்.

— இன்னிக்கா? என்னிக்குமே ஏறக் கூடாது. வண்டியைத் திருப்பு. அந்த லைல் வாசல்லயே இதை இறக்கி விட்டுட்டு வருவோம்.

— கை குலுக்கியாச்சு. திருப்பி எடுத்துக்க மாட்டான்.

— அப்ப நேரா குதிரை டாக்டர்கிட்ட போவோம். இப்ப ரத்தம் எடுத்தாக்கூட மருந்து இருந்தது தெரிஞ்சிடும். ஊரெல்லாம் தெரியட்டும், அவன் மானம் போகட்டும்.

— அட, விடு நோலீன். மழை பேஞ்சு மூணு வருஷம் ஆச்சு. புல் இல்ல, பாதி ஆடு போயாச்சு. இதுல ஊரான் கூட மல்லுக்கு நிக்க நமக்கு எங்க தெம்பு?

— நீயா இப்படிப் பேசுறே? கடைக்காரன் ஒரு ஆணி குறைச்சுக் குடுத்தா தெருவையே கூட்டுற ஆளு நீ.

— கையைத் தூக்கிப் பிடி. ரத்தம் சொட்டுது பாரு.

— துணி வேணும். முன்னால இந்தப் பெட்டியில உன் கைக்குட்டை இருக்குமே.

— அதைத் திறக்காதே. நான் எடுத்துத் தர்றேன்.

— ஓட்டிக்கிட்டே எப்படி எடுப்பே? இந்தா இருக்கு. என்னத்தைச் சுத்தி வெச்சிருக்கே இதுல?

— நோலீன், அதை உள்ள வை.

— ஊசி. ரெண்டு ஊசி, ஒரு மருந்துப் பாட்டில். இது எப்படி இங்க வந்துச்சு? என்னைப் பாரு, ராஸ்.

— லைல் குடுத்தான். குதிரையோட சேத்து.

— அப்ப உனக்குத் தெரியும். நாம கிளம்பறதுக்கு முன்னாடியே தெரியும். அதான் மணி, மணின்னு உயிரை வாங்கினே. மருந்து இறங்கறதுக்குள்ள வீட்டுக்குப் போய்ச் சேரணும்.

— பாதி விலைக்கு வேற எவன் குதிரை குடுப்பான்? சனிக்கிழமை வாண்டில்லாவுல குதிரைச் சந்தை. பட்டணத்துலேர்ந்து வர்றவங்க பிள்ளைங்களுக்குக் குதிரை தேடிக்கிட்டு வருவாங்க. இதை ஒரு தடவை கைமாத்தி விட்டுட்டா, அடுத்த மழை வரைக்கும் தீவனத்துக்குக் கவலை இல்ல. இந்த ஒரு தடவைதான். இல்லைன்னா நிலம் போயிடும், நோலீன். ராத்திரி எல்லாம் முழிச்சுக்கிட்டுக் கிடக்கேன், உனக்குத் தெரியாது.

— டில்லிக்குன்னு சொன்னே. அவகிட்டயே சொன்னே.

— அவளுக்கு வேற ஒண்ணு வாங்கித் தர்றேன். நல்லதா.

— அந்தப் பட்டணத்துக்காரன் பிள்ளைக்கு?

— அதெல்லாம் நினைச்சா ஒண்ணும் பண்ண முடியாது.

— வாண்டில்லாவுல எப்படி விப்பே இதை? தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிற குதிரையை, சும்மா பாத்துட்டு யாரு வாங்குவா? சொல்லு, ராஸ். சனிக்கிழமை இது மேல யாரை உக்கார வெப்பே?

— இறங்கி கேட்டைத் திற, நோலீன். பாப்பா ஓடி வர்றா பாரு. ஹெல்மெட்டைக்கூட மாட்டிக்கிட்டா.