மேட்டுக்காலனிக்குத் தண்ணீர் திறந்த மாலை

நான் நடந்துகொண்டே பேசட்டுமா? உட்கார்ந்தால் கால் ஆடுகிறது. முன்பெல்லாம் இப்படி இல்லை. இத்தனை வருடம் ஊராட்சிச் செயலராக ஒரே நாற்காலியில் அசையாமல் இருந்தவன் நான். யாரிடமும் கை நீட்டியதில்லை. ஊரில் விசாரித்தால் சொல்வார்கள்.

வாக்குமூலத்துக்கு நீங்கள் வால்வைப் பற்றித்தான் கேட்டீர்கள். சத்தியராஜ் சொன்னது உண்மை. மேட்டுக்காலனித் தொட்டியின் வால்வை அடைக்கச் சொன்னது நான்தான். தண்ணீர் திறந்துவிடுவது அவன் வேலை, சொன்னதைச் செய்தான். அவன்மேல் தப்பில்லை.

முத்துக்கனியிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும். அண்டி ஆபீசில் முந்திரி உடைக்கிறவள். கணவன் இல்லை. அபினா என்று ஒரே மகள், ஒன்பதாம் வகுப்பு. குடியரசு தினக் கிராமசபையில் நான் அறிக்கை வாசித்தேன். மேட்டுக்காலனிக் குடிநீர்த் தொட்டி மாதந்தோறும் சுத்தம் செய்யப்பட்டது என்று அதில் ஒரு வரி. எல்லா ஊரிலும் வாசிக்கிற வரிதான். முத்துக்கனி எழுந்தாள். கறை பிடித்த விரல்களை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"சார், எனக்க வீடு தொட்டிக்குக் கீழதான். ஏணியில ஒருத்தரும் ஏறி நான் கண்டதில்ல. ஆரு கழுவினா?"

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பல் தேய்க்கும்போது, வண்டி ஓட்டும்போது, கோயிலில் திருநீறு வாங்கும்போது, ஆரு கழுவினா, ஆரு கழுவினா. பதில் தெரியாமல் இல்லை. யாரும் கழுவவில்லை. அதை அவள் முன்னால் நின்று சொல்லவேண்டும் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவளும் விடவில்லை. நாகர்கோவிலில் கலெக்டரின் திங்கட்கிழமை மனு நாளுக்குப் போனாள். அதிகாரி ஒருவர் வந்தார். காலனி மொத்தமும் கூடி நிற்க, என்னையே தொட்டிமேல் ஏறிப் பார்க்கச் சொன்னார். உள்ளே பாசி. ஒரு புறா செத்து ஊறிக் கிடந்தது. அதை நானே கையால் எடுத்துப் போட்டேன். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போனார்கள். முத்துக்கனி மட்டும் நான் விழுந்துவிடக் கூடாதென்று ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். புகார் கொடுத்ததைக்கூட மன்னித்திருப்பேன். அதை மன்னிக்க முடியவில்லை.

தொட்டியைக் கழுவுவதற்காக வால்வை அடைக்கச் சொன்னேன். கழுவி முடித்ததும் தண்ணீர் விடலாம் என்று மேலதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். நான் அதை யாரிடமும் சொல்லவில்லை, வால்வைத் திறக்கவும் சொல்லவில்லை. முத்துக்கனியின் புகாரால் தண்ணீர் நிறுத்தப்பட்டிருக்கிறது, விசாரணை முடியாமல் திறக்க முடியாது என்று மட்டும் காலனியில் போய்ச் சொன்னேன். மற்றதை அவர்களே பார்த்துக்கொண்டார்கள்.

கோடை. காலனியில் வற்றாத கிணறு லிஜோ வீட்டுக் கிணறு ஒன்றுதான். எல்லோருக்கும் கொடுத்தான், அவளுக்கு மட்டும் இல்லை என்றான். அண்டி ஆபீசுக்குப் போகிற வேனில் அவளுக்கு இடம் தர மறுத்தார்கள். ஒருநாள் என்னைப் பார்க்க அலுவலகத்துக்கு வந்தாள்.

"ஆரும் எனக்கிட்ட மிண்டுகதில்ல, ஒரு வார்த்த பேசுகதில்ல. நான் கேட்டது தப்புன்னா பொறுத்துக்கிடுங்க, சார். குழாயில வெள்ளத்தைத் திறந்து விடச் சொல்லுங்க."

விசாரணை நடக்கிறது, என் கையில் ஒன்றும் இல்லை என்றேன். அவள் மன்னிப்புக் கேட்டுவிட்டால் நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. அவள் போன பிறகும் அறைக்குள் நடந்துகொண்டே இருந்தேன்.

காலனிக்குப் பின்னால் கைவிட்ட கல்குவாரி இருக்கிறது. மழைத் தண்ணீர் தேங்கிய ஆழமான குழி. சரிவு வழுக்கும், இறங்கக் கூடாது என்று அங்கே பலகை வைத்தவனே நான்தான். அபினா பள்ளிக்கூடம் விட்டு வந்து அங்கே குடத்தோடு இறங்குகிறாள் என்பதும் எனக்குத் தெரியும். ரப்பர் தோட்டத்துப் பாதையிலிருந்து பலமுறை பார்த்திருக்கிறேன்.

அன்று சாயங்காலமும் என் வண்டி அந்தப் பக்கம் போனது. அந்த நாட்களில் எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. யூனிபார்மோடு வந்த அபினா என்னைக் கண்டதும் நின்றாள்.

"சார், குழாயில வெள்ளம் எப்பம் வரும்?"

"அம்மைக்கிட்ட கேளு மக்கா. அவதானே நிறுத்த வச்சா."

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள். குடம் கைநழுவிப் போனது. எட்டிப் பிடிக்கப் போனவளின் கால் சறுக்கியது.

நான் பேச்சிப்பாறைக் கால்வாயில் நீந்தி வளர்ந்தவன். வண்டியில் கயிறும் இருந்தது. கூப்பிட்டிருந்தால் தோட்டத்து ஆட்கள் ஓடி வந்திருப்பார்கள். வந்தால் கேட்பார்களே. நீங்கள் எதற்கு இங்கே வந்தீர்கள், பிள்ளை ஏன் இங்கே இறங்கியது, தண்ணீரை ஏன் விடவில்லை. அத்தனைக்கும் நான் நின்று பதில் சொல்லவேண்டும். அதை யோசித்துக்கொண்டிருந்தேன். யோசித்து முடிப்பதற்குள் தண்ணீர் அடங்கிவிட்டது. அடங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். அதுதான் சரி.

இரண்டு தடவை அவள் கை மேலே வந்தது. என் பக்கமாகத்தான் நீண்டது.

திரும்பும் வழியிலேயே சத்தியராஜுக்குப் போன் செய்து வால்வைத் திறக்கச் சொன்னேன். தோட்டத்து ஆட்கள் மிதந்த குடத்தைப் பார்த்துத் தேடி, அந்தப் பிள்ளையைத் தூக்கி வந்தபோது முத்துக்கனி வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மகளைக் குளிப்பாட்டுவதற்கு அவள் யார் வீட்டு வாசலிலும் போய் நிற்கவேண்டியிருக்கவில்லை. என்னால் ஆனதைச் செய்தேன்.

மே தினக் கிராமசபைக்கு அவள் வந்தாள். நான் எதிர்பார்க்கவில்லை. முன்வரிசையில் தரையில் உட்கார்ந்தாள். இரங்கல் தீர்மானம் வாசித்தேன். மேட்டுக்காலனிக்குக் குடிநீர் தடையின்றி வழங்கப்படுகிறது என்றும் வாசித்தேன். அது உண்மைதான். வாசித்து முடித்து, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றேன். அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கலைந்தார்கள்.

நான் எதையும் ஒளிக்கிற ஆள் இல்லை. அன்றைக்கு அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். அவள் கேட்கவில்லையே.